சனிக்கு ஆள் கிடைக்கவில்லை

என் ஒன்பதாவது வயதில் ஒரு நாள் மத்தியானம் நான் சனியாக இருந்தேன். திட்டுவதற்குச் சொல்லும் சனி இல்லை. அந்தப் பட்டம் எனக்கு வீட்டில் அதற்கு முன்பும் பின்பும் தாராளமாகவே கிடைத்திருக்கிறது. நான் சொல்வது ஆகாயத்தில் வளையம் மாட்டிக்கொண்டு சுற்றுகிற நிஜமான சனி. போர்ட் பிளேயரில், எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில், கறுப்புப் பாவாடை கட்டி, இடுப்பைச் சுற்றிப் பிரம்பு வளையம் மாட்டிக்கொண்டு நான் சூரியனைச் சுற்றினேன். சுற்றினேன் என்பதுகூட மிகைதான். கால்வாசி தூரம்கூடப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது நாங்கள் ஜங்லிகாட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஃபீனிக்ஸ் பேயில் ஸ்டோர் கிளார்க் வேலை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து முதலில் அப்பா வந்தார். பின்னால் ஒரு கப்பலில் கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா வந்தாள். சில வருடம் கழித்து அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, வந்து சேர்ந்தாள். வாத்தியார் பயிற்சியை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊரில் உட்கார்ந்திருந்தவளை, இங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, கிளம்பி வா என்று அப்பா வரவழைத்தார். வந்த கையோடு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் அத்தைக்கு வேலை கிடைத்துவிட்டது. நான்காம் வகுப்பு அவளுடையது. நானும் நான்காம் வகுப்பு. என் கெட்ட காலம் அன்றைக்கு ஆரம்பித்தது.

வீட்டில் அத்தை, பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே போய் வாய் தவறி அத்தை என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி நிற்பாள். ராத்திரி ஒரே பாயில் என்னைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவள், காலையில் கணக்குத் தப்பினால் முட்டிக்கால் போடச் சொல்வாள். ஒல்லியான உடம்பு, விரல் நுனியெல்லாம் சாக்பீஸ். ஒன்று புரியாவிட்டால் புரியும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு ஜென்மத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

எங்கள் அறிவியல் புத்தகத்தில் சூரியக் குடும்பம் என்று ஒரு பாடம் இருந்தது. கூடவே ஒரு படம்: ஓரத்தில் பாதிச் சூரியன், அதிலிருந்து வரிசையாக ஒன்பது உருண்டைகள். அத்தை அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

"என்னடா இது, பஸ்ஸுக்கு வரிசையில நிக்கிற மாதிரி நிக்குது. இதுல எது ஓடுது, எது நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு கும்மி அடிக்கப்போவதில்லை, சூரியனைச் சுற்றப்போகிறது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மைதானத்தில் கோடு போட வேண்டுமே. பள்ளிக்குப் பின்புறம் புதிதாக இரண்டு வகுப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை மேற்பார்க்க ஒரு ஓவர்சியர் வருவார். தமிழர்தான், லம்பா லைனில் தாயாரோடு குடியிருந்தார். போன மழைக்காலத்தில் வேறொரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, கூடியபிறகும் லேசாக இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அவரிடம் அத்தை கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கேட்டாள். சுண்ணாம்போடு அவரே கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"வட்டம்தானே டீச்சர், நடுவுல ஒரு முளை போதும். கயித்தைக் கட்டி இழுத்துட்டா முடிஞ்சுது."

"வட்டம் இல்லைங்க. கொஞ்சம் நீண்ட வட்டம்னு போட்டிருக்கு. அதை எப்படிப் போடறதுன்னுதான் எனக்குத் தெரியலை."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு இரண்டு முளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, கயிற்றின் இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டு, அந்த வளையத்தை இரண்டு முளைக்கும் வெளியே மாட்டினார். மூன்றாவது குச்சி ஒன்றைக் கயிற்றுக்குள் விட்டு விறைப்பாக இழுத்துக்கொண்டே சுற்றி வந்தார். பின்னாலேயே அத்தை சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு போனாள். சுற்றி முடித்துப் பார்த்தால் வட்டம் மாதிரியும் இருந்தது, வட்டமாகவும் இல்லை. ஆபீசர் வீட்டுத் தோட்டத்துக்குப் பூப்பாத்தி இப்படித்தான் போடுவோம் என்றார்.

"சூரியன் எங்க நிக்கணும்? நடுவுலயா?"

"நடுவுல இல்லைங்க. இந்த ரெண்டு முளையில ஒண்ணுல."

"இன்னொண்ணுல?"

"அங்க ஒண்ணும் கிடையாது. வெறும் இடம்."

"அட, வெறும் இடத்துக்கா நான் இவ்வளவு ஆழமா முளை அடிச்சேன்?" என்றார் அவர். அத்தை சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு ஒரு வாரம் கோடுகள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மழை வந்து அழிக்கும், மறுநாள் இருவரும் மறுபடி போடுவார்கள். மழை வராத நாளிலும் ஏதாவது ஒரு கோடு சரியில்லாமல்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் லம்பா லைனிலிருந்து அப்பாவுக்குச் சேதி வந்தது. ஓவர்சியர் தன் தாயாரிடம் சொல்லிவிட்டார். தாயாருக்குப் பெண்ணைப் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்பதெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், ஆண்டு விழாவுக்கு எப்படியும் வருகிறேன், அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் மாப்பிள்ளை தேடிக் கப்பலேற வேண்டியதில்லை, பெண் கண்ணெதிரேயே இருப்பாள், பையன் தங்கம். அத்தையைக் கேட்டார். அவள் என் சிலேட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அதில் துடைக்க எதுவும் இல்லை. அப்பா புரிந்துகொண்டு தலையாட்டினார். எனக்குத்தான் இது பிடிக்கவில்லை. லம்பா லைன் நடந்துபோகிற தூரம்தான். ஆனாலும் பாயில் பக்கத்து இடம் காலியாகிவிட்டால் அது எனக்கு மெயின்லேண்டைவிடத் தூரம். இந்தக் கல்யாணம் எப்படியாவது நின்றுபோக வேண்டும் என்று நான் முருகனிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தேன்.

இதற்கிடையில் வகுப்பில் கிரகங்களுக்கு ஆள் எடுக்கும் படலம். வியாழனுக்கு ஏகப்பட்ட போட்டி. குரு பார்வை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வெள்ளிக்கும் அப்படியே. செவ்வாய் என்றதும் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். அதனால் செவ்வாய் ஒரு பையனானான். யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூவரையும் யாருக்கும் தெரியாது. "இவுக நல்லவுகளா, கெட்டவுகளா?" என்று ஓர் அம்மாள் சந்தேகத்தோடு விசாரித்தாள். அவர்களைப் பற்றிப் பஞ்சாங்கத்தில் ஒன்றும் போடவில்லை என்று அத்தை சொன்னதும் நிம்மதியாகப் பிள்ளையை அனுப்பிவைத்தாள். சூரியனாக ஹிந்திப் பிரிவிலிருந்து ஓர் உயரமான வங்காளிப் பையன் கிடைத்தான்.

சனிக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. கேட்ட வீட்டிலெல்லாம் கதவைச் சாத்தாத குறை. கடைசியில் அத்தை என்னைப் பார்த்தாள்.

"ஊருல எவ பிள்ளையும் வேணாங்கிற வேஷம் எம் பிள்ளைக்குத்தான் கிடைச்சுதாக்கும்?" என்று அம்மா வீட்டில் சண்டைக்கு வந்தாள்.

"அண்ணி, ஒம்பதுலயும் அழகு இதுதான். வளையம் வேற எவனுக்கும் கிடையாது," என்றாள் அத்தை.

அந்த வளையத்தைப் பிரம்பில் வளைத்துக் கட்டி, வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது ஓவர்சியர்தான். அதை மாட்டிப் பார்த்த நிமிஷம் எனக்குச் சனியாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை என்று ஆகிவிட்டது. கஷ்டமெல்லாம் ஒத்திகையில் வந்தது. புதன் ஓடினான். வெள்ளி வேகமாக நடந்தாள். பூமி ஒருவன், அவனைச் சுற்றிக் கிறுகிறுத்துக்கொண்டே வர நிலாவாக ஒரு குட்டிப் பெண். பூமி ஒரு சுற்றுச் சுற்றிக் கொடிக்கம்பத்தைத் தாண்டும்போது நான் ஒரே ஓர் எட்டு எடுத்து வைக்க வேண்டும். பிறகு அடுத்த சுற்று வரும்வரை மரம் மாதிரி நிற்க வேண்டும். புளூட்டோவுக்கு மைதானத்தில் இடமே இல்லை. அவன் வேலிக்கு வெளியே டீக்கடைப் பக்கம் நின்றான்.

எனக்கு மட்டும் ஏன் இந்த ஆமை நடை என்று அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

"நீ அவ்வளவு தூரத்துல இருக்கேடி. சுத்த வேண்டிய வழியும் பெருசு, சூரியன் உன்னை இழுக்கிற இழுப்பும் கம்மி. அதனால உனக்கு அவசரமே கிடையாது. நீ ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள பூமியில பொறந்த பிள்ளை வளந்து, கல்யாணம் கட்டி, அதுக்கே ஒரு பிள்ளை பொறந்துடும்."

"அப்ப ஏழரைச் சனின்னு அம்மா சொல்றாளே?"

"அது பாட்டுக்கு அது வழியில போய்க்கிட்டிருக்கு. நம்மள அதுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

இதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. நம்மைத் தெரியவே தெரியாத ஒருவருக்காகவா அம்மா சனிக்கிழமை தவறாமல் காக்காய்க்குச் சோறு வைக்கிறாள்?

பெரியவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கோயிலில் முருகன் இருந்தார், பிள்ளையார் இருந்தார், நவக்கிரகம் இல்லை. மெயின்லேண்டில் இருந்தவரை சனிக்கிழமை தோறும் ஒன்பது சுற்றுச் சுற்றிப் பழகிய கால்கள், கடல் தாண்டி வந்தபிறகு சுற்றுவதற்கு இடமில்லாமல் இருந்தன. பஞ்சாங்கம்கூட எங்களுக்குக் கப்பலில்தான் வரவேண்டும். சில வருடம் சித்திரை பிறந்து நாளாகிவிடும். அது வந்து சேரும்வரை சனி பெயர்ந்தாரா, பழைய இடத்திலேயே இருக்கிறாரா என்று தெரியாமல் ஊரே தவித்துக்கொண்டிருக்கும். ஓவர்சியரின் தாயார், மகன் சாரத்திலிருந்து விழுந்த அன்றே திருநள்ளாற்றுக்கு நேர்ந்துகொண்டவர். ஆனால் கப்பலில் இடம் கிடைத்தபோது உடம்பு சரியில்லை, உடம்பு தேறியபோது கப்பல் இல்லை.

ஆண்டு விழா மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கும் மெயின்லேண்ட் கடிகாரப்படிதான் மணி. அது தெரியாத சூரியன் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். ஆகையால் எதையும் வெளிச்சத்திலேயே முடித்தாக வேண்டும். மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். தமிழ்ப் பெண்கள் பாதிப் பேர் குளித்துத் தலைமுடிந்து, கையில் தூக்குச்சட்டியும் துணி மூட்டையுமாக வந்திருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்வரிசையில் அரக்குப் புடவையில் ஓவர்சியரின் தாயார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தை அன்றைக்கு நீலப் புடவை கட்டியிருந்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஓவர்சியர் ஓரமாகக் கயிற்றுச் சுருளோடு நின்றுகொண்டிருந்தார்.

அத்தை விசில் ஊதினாள். சூரியன் பளபளவென்று தேய்த்த ஒரு தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். புதன் பறந்தான். பூமி கொடிக்கம்பத்தைத் தாண்டத் தாண்ட நான் ஒவ்வோர் எட்டாக எடுத்து வைத்தேன். கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தது. ஒரே மைதானத்தில் ஒருத்தன் மூச்சிரைக்க ஓடுகிறான், ஒருத்தி நின்றபடியே நிற்கிறாள், இருவருமே சரியாகத்தான் போகிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க வார்த்தையே வேண்டியிருக்கவில்லை. தலைமை ஆசிரியர் ஹிந்திக்காரர், நாற்காலி நுனிக்கு வந்து, "வாஹ், டீச்சர்ஜி, வாஹ்!" என்றார்.

அப்போது அரக்குப் புடவை எழுந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுண்ணாம்புக் கோடுகளையெல்லாம் தாண்டி, நேராக என்னிடம் வந்தது. துணி மூட்டையைப் பிரித்து அகலை என் காலடியில் வைத்தார். எள் முடிச்சைப் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். கடல்காற்று அணைத்தது. கையை மறைத்து வைத்து மறுபடி பற்றவைத்தார். பிறகு என்னைச் சுற்ற ஆரம்பித்தார்.

இதில் தப்பாக எதுவும் இல்லை. வேஷம் கட்டிய பிள்ளை, அந்த நேரத்துக்கு அந்தச் சாமிதான். கிருஷ்ணன் வேஷம் போட்ட குழந்தையின் காலில் விழாத ஊர் எது? நிற்பது கிளார்க் மகள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சனி சனிதானே. அவர் ஒரு சுற்று முடிப்பதற்குள் மற்றப் பெண்களும் தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டார்கள். அதில் இருந்ததெல்லாம் எண்ணெயும் எள்ளும். செவ்வாய்ப் பையன் காலடியில் துவரை விழுந்தது, வியாழனுக்கு யாரோ மஞ்சள் துண்டைப் போர்த்தினார்கள். யுரேனஸும் நெப்டியூனும் மட்டும் ஆதரவில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். புதன் ஓட வழியில்லாமல் ஒரு மாமியின் மேல் போய் முட்டினான். பூமி கொடிக்கம்பத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் என் முன்னால் விளக்கு. நான் எங்கே எட்டு வைப்பேன்?

அந்த அம்மாள் என் எதிரில் வந்து நின்று கையைக் கூப்பினார். கண்ணில் நீர்.

"எம் மகனை விட்டுருப்பா. அவன் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைச்சதில்ல. போதும், விட்டுரு."

நான் ஓவர்சியரைப் பார்த்தேன். நல்லவர்தான், எனக்கு வளையம் செய்து கொடுத்தவர். "சரி," என்று சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டு அந்த அம்மாள் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. மீதியையும் ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அத்தையிடம் திரும்பினார். அன்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

"ராகு கேது எங்கம்மா? அவுக ரெண்டு பேரும் இல்லாம சுத்து எப்படி முடியும்? ரெண்டு பிள்ளைகளை அப்படி ஓரமா நிறுத்திரும்மா."

கேட்டது அவ்வளவுதான். குரலில் அதிகாரம் இல்லை; மருமகளாக வரப்போகிறவளிடம் ஓர் உதவி கேட்பது மாதிரி, பிரியமாகத்தான் கேட்டார். கோட்டுக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இரண்டு பேரைக் கூப்பிட்டு நிறுத்தினால் முடிந்தது. அப்பா கண்ணாலேயே சைகை காட்டினார். "நிறுத்தித்தான் தொலையேன், என்ன குறைஞ்சு போகும்?" என்று அம்மா அத்தையின் காதோரம் போய்ச் சொன்னாள்.

அத்தை பூமியையும் நிலாவையும் பக்கத்தில் கூப்பிட்டாள். தன் இரண்டு கை வளையல்களையும் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றைக் கொஞ்சம் சாய்வாகக் கோத்து, அந்த அம்மாளிடம் காட்டினாள்.

"பாருங்கம்மா, ஒண்ணு சூரியன் போற மாதிரி நமக்குத் தெரியற பாதை. இன்னொண்ணு நிலா போற பாதை. ரெண்டும் இந்தா, இங்க ஒரு இடத்துல வெட்டிக்குது, அங்க ஒரு இடத்துல வெட்டிக்குது. அந்த ரெண்டு இடத்துக்குப் பேர்தான் ராகு, கேது. கிரகணம் எப்ப வரும்னு கணக்குப் போட அது வேணும். ஆனா அங்க கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. நான் யாரைக் கொண்டு நிறுத்துவேன்?"

"அப்ப எம் மகனைச் சாரத்துலேர்ந்து தள்ளுனது வெறும் இடமாம்மா?"

சூரியனாக நின்ற வங்காளிப் பையன் கை வலித்துத் தாம்பாளத்தை இறக்கிவிட்டான்.

"யாரும் தள்ளலைம்மா," என்றாள் அத்தை. "மழையில மூங்கில் வழுக்கியிருக்கு. நீங்க கும்பிடுங்க, நான் வேணாங்கலை. எவ்வளவு நேரம் வேணும்னாலும் கும்பிடுங்க. ஆனா இத்தனை பிள்ளைங்களை உக்கார வச்சுக்கிட்டு, இல்லாததை இருக்குன்னு நான் காட்ட முடியாதும்மா. இதுங்க நான் சொன்னா நம்பிரும்."

சொல்லிவிட்டு ஒரே ஒரு தடவை ஓவர்சியர் பக்கம் பார்த்தாள். அவருக்குத் தெரியாத விஷயமா? ஒரு வாரம் கூடவே சுற்றிக் கோடு போட்டவர். ஆமாம்மா, டீச்சர் சொல்றது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை, போகட்டும் டீச்சர், அம்மாவுக்காக நிறுத்திடுங்க என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் குனிந்து, ஏற்கெனவே சுருட்டியிருந்த கயிற்றைப் பிரித்து மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தார்.

அத்தை வளையல்களைப் போட்டுக்கொண்டாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு விசிலை எடுத்தாள்.

"சுத்தறவங்க சுத்தட்டும். யாரும் யாரையும் இடிக்காதீங்க. பூமி, நீ நட."

பூமி நடந்தது. புதன் ஓடினான். விளக்குகளுக்கு நடுவே வழி பார்த்து வியாழன் மஞ்சள் துண்டோடு நகர்ந்தான். பெண்கள் பிள்ளைகளைச் சுற்றினார்கள், பிள்ளைகள் சூரியனைச் சுற்றினார்கள். என்னைச் சுற்றி மட்டும் ஏழெட்டுப் பேர். சனிக்கு நிறைய நிலா உண்டு என்று அத்தை பாடத்தில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் நீலப் புடவையில் நின்று அத்தை கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அத்தனை சாமிகளையும் அத்தனை கிரகங்களையும் ஒருத்தியாக நின்று முட்டாமல் ஓட்டினாள். அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்கு வந்த பெருமை இன்றும் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

ஓவர்சியரின் தாயார் என்னை மட்டும் சுற்றி முடித்தார். விளக்கை அணைத்து எடுத்துக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டு, அத்தையைப் பார்க்காமல் போய்விட்டார். பின்னாலேயே காலை இழுத்துக்கொண்டு மகனும் போனார். விழா முடிந்து எல்லாரும் கலைந்தபிறகு புளூட்டோவின் அம்மா வந்து பிள்ளையைக் காணோம் என்று அழுதாள். அவனைக் கூப்பிட யாருக்கும் ஞாபகமில்லை. டீக்கடைக்காரர் கொடுத்த பன்னைத் தின்றுகொண்டு, விசிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். கடல் நடுவே ஒரே மகனை வைத்துக்கொண்டு வேறு எதைப் பிடித்துக்கொள்வார்? ஆனால் எனக்கு வயது ஏற ஏற அத்தைதான் பெரியவளாகிக்கொண்டே போகிறாள். யாரும் அவளுக்குப் பரீட்சை வைக்கவில்லை. பொய் என்றுகூட அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பிள்ளைகள், ஐந்து நிமிஷம். அவ்வளவு சின்ன விஷயத்தை அவள் செய்ய மறுத்ததால்தான் எங்கள் வகுப்பில் நின்ற ஒருவருக்கும் அந்தப் பாடம் சாகும்வரை மறக்காது. பின்னாளில் அத்தைக்குக் கல்யாணம் ஆனது. மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர். பிள்ளைகளும் பிறந்தன. அது வேறு கதை.

விழா முடிந்த மறுவாரம் ஒரு நாள் காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்விட்டு வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"லம்பா லைன்லேர்ந்து சொல்லிவிட்டாக. ஜாதகம் பொருந்தலையாம்."

"சரிண்ணே," என்றாள் அத்தை.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முருகன் கேட்டுவிட்டார்.

"அப்ப நீ எங்கயும் போக மாட்டியே அத்தை?"

"போக மாட்டேன்."

அவள் பின்னிய பின்னல் கோணலாக வந்தது. அவிழ்த்தாள். மறுபடி பின்னினாள், மயிர்க்கால் வலிக்கிற அளவுக்கு இறுகிவிட்டது. நான் கத்தியதும் அதையும் அவிழ்த்தாள். மூன்றாம் தடவை பின்னலின் மூன்று புரிகளையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னாமலே உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கு நேரமாகிறது, டீச்சரே லேட்டாகப் போனால் எப்படி என்று நான் சிணுங்கினேன். ஒரு நாளும் தப்பாத பின்னல் அன்றைக்கு மட்டும் அவளுக்கு ஏன் வரவில்லை என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.